தகப்பனுக்கு ஆகாத பிள்ளை

என் மகள் பிறந்த செய்தி வந்தபோது நான் ஒரு ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு, கேட்டை இவ்வளவு சீக்கிரம் அடைத்தவனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற அரசு பஸ்ஸுக்கு நான் டிரைவர். வண்டி ஓட்டும்போது என் போன் கண்டக்டர் பையில்தான் இருக்கும். அவர் என்னைவிட மூத்தவர், மூன்று பெண்களைப் பெற்றவர். போனில் பேசிவிட்டு முன்னால் வந்து, "பொம்பளப் பிள்ளையாம்வே. தாயும் பிள்ளையும் சுகம்" என்றார். முன் சீட்டுக்காரர் யாரோ கை கொடுத்தார். கேட்டைத் திறந்தார்கள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுத்தேன்.

சந்தோஷம் வரும் வரும் என்று வீரவநல்லூர் வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வரவில்லை. வண்டி தாமதமாகிவிட்டது என்ற எரிச்சல்தான் இருந்தது. ராத்திரி போய்ப் பிள்ளையைப் பார்த்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாபநாசத்தில் வண்டியை நிறுத்தினதும் அம்மா போன் செய்தாள். "ஏலே, டூட்டி முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா. ஆஸ்பத்திரிக்குப் போகாத. பிள்ள முகத்தப் பாத்துராத" என்றாள்.

பிள்ளை பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, அம்மா தெருக்கோடி ஜோசியரிடம் ஓடியிருக்கிறாள். மூல நட்சத்திரம், முதல் பாதம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைகூடச் சொல்லும். அதிலும் முதல் பாதம் தகப்பனுக்கு ஆகாது என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் தகப்பன் பிள்ளையின் முகத்தில் முழிக்கக் கூடாது. அப்புறம் கோயிலில் சாந்தி செய்து, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற பிள்ளையின் நிழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நேராகப் பார்க்கலாம்.

நான் சாமி கும்பிடுகிறவன்தான். சாமி இல்லை என்று எவனாவது நன்றாகப் பேசினால் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கிறவனும்தான். இந்த மாதிரி விஷயத்தில் சவத்தைத் தள்ளு என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிற கோபம் எனக்கு உண்டு. ஆனால் போகவில்லை. அதற்குக் காரணம் அம்மாவுக்குப் பயந்ததோ ஜோசியருக்குப் பயந்ததோ இல்லை.

என் அப்பா லாரி டிரைவர். நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் தூத்துக்குடி ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். எனக்கு அவர் முகம் போட்டோவில் பார்த்த முகம்தான். என் ஜாதகத்திலும் ஏதோ இருந்ததாம். அப்பனை முழுங்கினவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் நேராகக் கூப்பிடமாட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆசையாக நின்றேன். சொந்தக்காரப் பெரியம்மை ஒருத்தி சிரித்துக்கொண்டே அதை வாங்கிப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்தாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா அன்று பூராவும் பேசவில்லை. அந்த வார்த்தையை எவள் சொன்னாலும் அம்மா கொண்டையை அவிழ்த்துக்கொண்டு சண்டைக்குப் போவாள். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவளும் அதை நம்பினாள். சோறு போட்டுவிட்டு என்னைப் பார்க்கிற பார்வையில் அது சில நாள் தெரியும்.

அதனால்தான் போகவில்லை. நான் பாட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, மறுநாள் என் வண்டி ஒரு புளியமரத்தில் மோதினால், அந்தப் பச்சைமண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எவளோ சிரித்துக்கொண்டே வாங்கிப்போவாள். மூன்று மாதம்தானே, பொறுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். தகப்பன் என்று நான் செய்த முதல் காரியம் பிள்ளையைப் பார்க்காமல் இருந்ததுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அது எல்லாருக்கும் உள்ளது. என் மனைவியின் ஊர் நான் ஓட்டுகிற தடத்திலேயே இருந்ததுதான் சோதனை. வீரவநல்லூர் தாண்டி ஒரு சின்ன ஊர். பஸ் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் மாமனார் வீட்டு முன்வாசல் தெரியும். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் போகிறது. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம், இரு கரையும் தட்டிப் போகும். போகும்போதும் வரும்போதும் அந்த வாசலைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். கொடியில் பிள்ளைத்துணி காய்வது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றுவேன்.

மாமியாருக்கு என் மேல் பரிதாபம். பெண் பிள்ளையைப் பெற்றதும் போதாமல் மூலத்தில் வேறு பெற்றுவிட்டோமே என்று எங்கள் வீட்டுக்கு முன்னால் கூச்சம். அதை எல்லாம் சோற்றில் காட்டினார். மத்தியான வண்டி வருகிற நேரத்துக்கு டிபன் கேரியரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. ஜன்னல் வழியாக மேலே நீட்டி, "சாப்பிடுங்க மாப்பிள்ள, மெலிஞ்சிட்டீய" என்பார். "பிள்ள எப்படி இருக்கு?" என்பேன். "அதுக்கென்ன, ராசாத்தி மாதிரி இருக்கு" என்பார். கண்டக்டர் விசில் அடிப்பார். பாதிச் சோற்றை அவருக்கும் கொடுப்பேன்.

செல்போன் காலத்தில் முகம் பார்க்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? போட்டோ பார்க்கலாமா என்று அம்மா ஜோசியரிடம் போய்க் கேட்டாள். அந்த மனுஷன் கொஞ்சம் யோசித்து, முகம் என்றால் முகம்தான், போட்டோவும் வேண்டாம் என்றிருக்கிறார். அதனால் மச்சினி எனக்குப் பிள்ளையைத் துண்டு துண்டாக அனுப்பினாள். ஒரு நாள் கால் வரும். ஒரு நாள் மூடின கை. ஒரு நாள் பிடரி முடி. ஓய்வு நேரத்தில் அதையெல்லாம் வரிசையாகத் தள்ளிப் பார்ப்பேன். உள்ளங்கால் மட்டும் தனியாகப் பார்த்தால் அது யாருடையதாகவும் இருக்கலாம். இது என் பிள்ளை என்று மனதுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொன்னதுதான் மிச்சம்.

தீட்டுக் கழித்த பிறகு ஒரு வார ஓய்வு நாளில் மனைவியை மட்டும் பார்க்கப் போனேன். மருமகனுக்கு உண்டான மரியாதை எதிலும் குறை இல்லை. முன்னறையில் நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்து, டிவியைப் போட்டு, தட்டு நிறைய மிக்சரும் அல்வாவும் வைத்தார்கள். உள்ளறைக் கதவை ஒருக்களித்து மாமியார் அதில் சாய்ந்து நின்றார். மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். காதில் பஞ்சு, தலையில் துணி, உடம்பெல்லாம் சாம்பிராணிப் புகை மணம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முகம் அப்படியே காலியாகிவிட்டது. உள்ளே பிள்ளை அழுதது. அது அழுத அந்தக் கணமே அவள் ரவிக்கை முன்புறம் பாலில் நனைந்தது. எனக்கு முன்னால் நனைந்ததற்கு வெட்கப்பட்டதுபோல முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கதவை மூடினார்கள். நான் மிக்சரைத் தின்றுகொண்டு, கதவுக்கு அந்தப்பக்கம் அழுகை அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்ப வருவாள் என்று பார்த்தேன். தூங்கிவிட்டாள் என்றார்கள்.

அதற்குப் பிறகு போனிலும் பேச்சு சுருங்கியது. முதலில் "உங்க மக உங்கள மாதிரியே ஊரக் கூட்டுதா" என்று கேலி பேசினவள், அப்புறம் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தூங்கினியா, இல்ல. ஒரு சாயங்காலம் அவளாகக் கூப்பிட்டாள்.

"அம்மாட்ட சொல்லி பின்வாசலப் பூட்டச் சொல்லுங்க" என்றாள்.

"ஏன், பாம்பு கீம்பு வந்துச்சா?"

"வாய்க்கால் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பிள்ளயத் தூக்கிட்டு அங்கன நின்னா எனக்கு ஒரு மாதிரி வருது. நீங்க சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டக்காவ."

தவழக்கூடத் தெரியாத பிள்ளை வாய்க்காலுக்கு எப்படிப் போகும் என்று நான் சிரித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் டிபன் கேரியரை வாங்கும்போது மாமியாரிடம் சொன்னேன். "தூக்கம் இல்லல்லா மாப்பிள்ள, பிள்ளபெத்தவளுக்கு அப்படித்தான் பயந்து பயந்து வரும். தலமாட்டுல வேப்பில வச்சிருக்கேன். கதவையும் பூட்டிருதேன்" என்றார். நல்லது என்று நினைத்து சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அது கழிந்து சில நாளில், காலை வண்டி பாபநாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் ஒரு பெண் கை காட்டினாள். ஸ்டாப் இல்லாத இடத்தில் கை காட்டுகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. திட்டுவதற்கு வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, என் மனைவி. காலில் செருப்பு இல்லை, தலை சீவவில்லை. தோளில் துண்டு சுற்றின பிள்ளை.

நிறுத்தினேன். ஏறி, என் இடப்பக்கம் இன்ஜினை ஒட்டி இருக்கிற சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் ஓடி வந்தார். அவருக்கு அவளைத் தெரியும். "எங்கம்மா போகணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வண்டி எங்கன போகுதோ அங்கன" என்றாள்.

பிள்ளைபெற்றவள் மூன்று மாதம் முடியாமல் ரோட்டுக்கு வந்தால் ஊர் என்ன பேசும் என்பது பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்ய?

என் தலைக்கு மேலே உள்ளே பார்க்கிற கண்ணாடி ஒன்று உண்டு. படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்ப்பதற்கு வைத்தது. அதில் அவள் மடி தெரிந்தது. துண்டு விலகி, பிள்ளையின் நெற்றி தெரியத் தொடங்கியது. நான் கையை உயர்த்திக் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். கூரைதான் தெரிந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஓடுகிற வண்டியில், பிள்ளையோடு எழுந்து என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பி வைங்க" என்றாள்.

"உக்காரு. விழுந்துருவ."

"நீங்க திருப்பி வைங்க, உக்காருதேன்."

குரலை உயர்த்தவே இல்லை. எதிரே கரும்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பிரேக்கில் காலை வைத்தேன். லாரி தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியைப் பழையபடி திருப்பினேன். அவள் உட்கார்ந்து, துண்டை நன்றாக விலக்கினாள்.

கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அப்படியே என் அம்மா முகம். அந்த மூக்கு, அந்தப் பிடிவாதமான முகவாய், எல்லாம் அவள்தான். யார் பார்க்கக் கூடாது என்று சொன்னாளோ அவளையே உரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதைவிடப் பயம் வந்தது. பார்த்துவிட்டேன். இனி எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஏதும் ஆகிவிட்டால் பிள்ளை பழியைச் சுமக்கும்.

அதற்கப்புறம் நான் ஓட்டினதை ஓட்டினது என்று சொல்ல முடியாது. சைக்கிள் வந்தால் பிரேக், கோழி வந்தால் பிரேக். "வண்டி ஓட்டுதீயளா, தேர் இழுக்கீயளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய் அவரிடம் பேசியிருப்பேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் வந்தது. தாமிரபரணி முழங்கால் அளவில்தான் போனது. என் மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாலம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். வெயில் கூசுகிறது போல என்று நினைத்தேன்.

இதற்குள் கண்டக்டர் மாமியாருக்குப் போன் போட்டு, எங்கள் வண்டியில்தான் இருக்கிறாள், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப்பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

பாபநாசத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் சீட்டைவிட்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. என்ன ஆச்சு, ஏன் வந்தாய், வீட்டில் சண்டையா. எதையும் அவள் கேட்கவிடவில்லை. பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"செத்த நேரம் பிடிங்க. நான் தூங்கணும்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் கால் மடக்கிப் படுத்தாள். உடனே தூங்கிப்போனாள். பாறாங்கல்லைக் கீழே இறக்கி வைத்தவள் தூங்குவாளே, அப்படி.

எனக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. "தலைக்குக் கீழ கைய குடும்வே" என்று கண்டக்டர் திருத்தினார். படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸையே தூக்கி மடியில் வைத்த கனம் இருந்தது. பிள்ளையைத் தொட்டதும் பாசம் பொங்கும் என்று சொல்வார்கள். எனக்குப் பொங்கவில்லை. இதைக் கீழே போட்டுவிடுவேனோ, என் மூச்சு படுமோ, இது ஏன் அசையவில்லை என்று பயம் மாற்றிப் பயம் வந்ததுதான் மிச்சம். என் கையிலே டீசல் வாசனை. அது முழித்து என்னைப் பார்த்தது. யார்வே நீ என்று கேட்பது போல நெற்றியைச் சுருக்கியது. அழவில்லை. அது அழாததற்கு நான் அதற்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

வண்டி எடுக்க வேண்டிய நேரம் வந்தது. அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கண்டக்டர் டிக்கெட் பையை ஒரு தோளிலும் பிள்ளையை ஒரு தோளிலும் போட்டுக்கொண்டு, "எடும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அம்பாசமுத்திரம் வரைக்கும் அப்படியே வந்தார். அங்கே நெரிசலில் அவள் திடுக்கென்று முழித்து, மடியைத் தடவி, "பிள்ள எங்க? பிள்ளய என்ன செஞ்சேன்?" என்று கத்தினாள். இங்கே இருக்கு என்று கொடுத்த பிறகும் பிள்ளையின் கை காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிள்ள எங்கே என்று மட்டும் அவள் கேட்கவில்லையே, என்ன செய்தேன் என்றும் கேட்டாளே என்பது என் காதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவள் ஊர் ஸ்டாப்பில் மாமியார், மாமனார், மச்சினி, அக்கம்பக்கம் எல்லாரும் நின்றார்கள். மாமியார் படியில் ஏறி அவள் கையைப் பிடித்தார். "இறங்குட்டி. ஊரு சிரிக்கதுக்கு முந்தி இறங்கு. மாப்பிள்ள, நீங்க சொல்லுங்க. மூணு மாசம் முடியட்டும், முறையாக் கொண்டாந்து விடுதோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒற்றைப்படை மாதத்தில், நல்ல நாள் பார்த்து, தொட்டில் சீரோடு கொண்டுவந்து விடுவதுதான் முறை.

மனைவி கையை விடுவித்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். இறங்கு என்று நான் சொன்னால் இறங்கிவிடுவாள், அதுவும் தெரிந்தது. இறங்கிப் போனால் அந்த முன்னறை நாற்காலியும், மூடின கதவும், நான் ஜன்னலில் வாங்கித் தின்கிற சோறும்தான். எனக்கு அவளுக்கு என்ன நோய் என்று புரிந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். அவளை அங்கே விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அவள் இருக்கமாட்டாள் என்று மனசுக்குப் பட்டது. அவ்வளவுதான்.

"அத்த, கீழ இறங்குங்க. நேரமாவுது" என்றேன். கண்டக்டரைப் பார்த்தேன். அவர் விசிலை ஊதினார்.

டூட்டி முடியும் வரை அவளை டெப்போ பக்கத்திலேயே கண்டக்டர் வீட்டில் விட்டிருந்து, சாயங்காலம் ஆட்டோவில் பாளையங்கோட்டை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா வாசலில் நின்றாள். மாமியார் போன் செய்திருக்க வேண்டும். ஆட்டோ நின்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்துட்டியாலே?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"எண்ணெயில பாக்காமயா?"

"பஸ் கண்ணாடியில."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். ஒரு டிரைவரை ரோட்டுக்குப் பலி கொடுத்தவளுக்கு இன்னொரு டிரைவரையும் கொடுக்க மனம் இல்லை. அதில் நான் என்ன நியாயம் பேச? "எனக்கு ஏதும் ஆனா, அது என் கைத்தப்பு. இந்தப் பிள்ளய ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. நீ உசுரோட இருக்க வரைக்கும் சொல்ல விடக் கூடாது. எனக்காகச் சண்டை போட்டேல்லா, அது மாதிரி போடணும்" என்றேன். அம்மா மூக்கைச் சிந்தினாள். வெகுநேரம் கழித்து எழுந்து போய் மருமகளுக்கு வெந்நீர் வைத்தாள். பிள்ளையை மட்டும் அன்று தொடவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. ஊசி போட்டுவிட்டு, அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, "நீ தூங்குதியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் அழுத அழுகையில் வெளியே நின்ற நான் உள்ளே ஓடினேன். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனது இப்படி நோய்ப்படும், பேயும் இல்லை பிசாசும் இல்லை, மருந்து உண்டு, தனியாக விடக் கூடாது என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை சாப்பிட்டாள், வாரா வாரம் போய்ப் பேசினாள். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள், திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள். அம்மா மட்டும் ஆச்சரியமாக, "மாத்திரயச் சாப்பிடட்டும்" என்று சொல்லி எல்லாரையும் அடக்கினாள். "உங்கப்பா போன பொறவு எனக்கும் உன்னயத் தூக்கப் பிடிக்காம இருந்திச்சி. எவளும் என்னன்னு கேக்கல" என்றாள். அதை அவள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

பைய பைய என் மனைவி தேறினாள். நன்றாக ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், தேறினாள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது. நானும் குளிப்பாட்டப் பழகினேன். பாசம் எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் டூட்டி முடிந்து வரும்போது, வீட்டுக்குப் போக அவசரப்படுகிறேன் என்பதைக் கவனித்தேன். அவ்வளவுதான் தெரியும்.

அப்படி ஒரு சாயங்காலம். பிள்ளை என் நெஞ்சின் மேல் கிடந்து பட்டனைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நான் உங்க வண்டிக்குன்னு வரல."

நான் பிள்ளையின் வாயிலிருந்து பட்டனை எடுத்துவிட்டேன்.

"பின்வாசல்ல பூட்டுப் போட்டிருந்தாவ. அதான் முன்வாசல் வழியா வந்தேன். ரோட்டச் சுத்தித்தான வாய்க்கால் பாலத்துக்குப் போகணும். ரோட்டுக்கு வந்தேன், உங்க வண்டி வந்துட்டு. என்னமோ கைய காட்டிட்டேன்."

கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். எனக்குப் பிள்ளையின் கனம் திடீரென்று தெரிந்தது. பூட்டுப் போடச் சொல்லி என்னிடம் கெஞ்சினவள் இவள்தான். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வண்டி முன்னே பின்னே வந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கினேன், நினைத்து முடிக்கவில்லை. இன்றுவரை முடித்ததில்லை.

"இப்ப அப்படி வருதா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்ல."

"வந்தா?"

"வந்தா சொல்லுதேன்."

"என்ட்ட சொல்லணும். நான் சிரிக்க மாட்டேன்."

"சரி" என்றாள்.

அதிலிருந்து தினமும் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வாங்க" என்பாள். நல்லாத்தான் என்று அவள் சொல்கிற தொனியை பாபநாசம் போய்ச் சேரும்வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். மழைக்காலத்தில் ஒரு காலை, காக்கிச் சட்டைக்குப் பட்டன் எல்லாம் போட்டு, சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இன்னைக்குப் போகாதீய" என்றாள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.